கால்கள் சேரக் கூடாது, அக்கா

என்னை இடுப்பில் சுமந்து வளர்த்த என் செல்லம்மா அக்காவுக்கு,

அம்மா தூங்கிவிட்டாள். உன் பேரை நான் எழுதுவதைப் பார்த்தால் அழுவாள் என்று விளக்குத் திரியை இறக்கி வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

கடைசி நாட்களில் உன் நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துகிற மாதிரி ஒரு சத்தம் கேட்குமே, அது ஐப்பசி மழையிலிருந்து என் நெஞ்சிலும் கேட்கிறது. இன்று சாயங்காலம்வரை யாரிடமும் சொல்லவில்லை. அது வரும்போதெல்லாம், போன மார்கழியில் நீ சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்குத் தவித்தது கண்ணில் நிற்கும். நானும் உன்னை மாதிரிப் போய்விடுவேனா அக்கா?

பள்ளிக்கூடத்தில் புது டிரில் டீச்சர் வந்திருக்கிறார். நான் ஓட்டத்தில் பாதியிலேயே நின்று இரைப்பதைப் பார்த்துவிட்டு, சாயங்கால ஆசன வகுப்புக்கு வரச் சொன்னார். அதற்கு ஹட யோகம் என்று பேர். சாமியார்கள் குகைக்குள் செய்வது என்று நினைத்திருந்தேன். அப்படி ஒன்றும் இல்லை. உடம்பை ஒரு நிலையில் நிறுத்தி, அசையாமல் இருந்து, மூச்சைக் கவனிக்க வேண்டும். வெறும் வயிற்றில் செய்ய வேண்டும். வலித்தால் விட்டுவிட வேண்டும். பக்கத்தில் இருப்பவள் எவ்வளவு வளைகிறாள் என்று பார்க்கக் கூடாது.

குப்புறப் படுத்து, பாம்பு படமெடுப்பது போல நெஞ்சை மட்டும் தூக்கினால் புஜங்காசனம். குனிந்தே கிடக்கிற முதுகுக்கு நல்லதாம். அம்மாவைத்தான் நினைத்துக்கொண்டேன். காலை மடக்கி முட்டி போட்டு உட்கார்ந்தால் வஜ்ராசனம். அது ஒன்றைத்தான் சாப்பிட்ட பிறகும் செய்யலாம், செரிமானம் ஆகும் என்கிறார் டீச்சர். அப்புறம் மூச்சுப் பயிற்சி. இழுப்பதைவிட மெதுவாக விட வேண்டும். விட விட, நெஞ்சுக்குள் ஒரு முடிச்சு இளகுகிற மாதிரி இருக்கும். ராத்திரி தூக்கமும் வருகிறது.

"இது மருந்துக்குப் பதிலு இல்லடி. டாக்டர் மாத்திரை குடுத்தா அதையும் முழுங்கணும்" என்று டீச்சர் சொல்லிவிட்டார். அது என் காதில் விழாத மாதிரி இருந்துவிட்டேன்.

எல்லாம் முடிந்த பிறகு சவாசனம். மல்லாந்து படுத்து உடம்பை மொத்தமாகத் தளர்த்திவிட வேண்டும். முதல் நாள் அந்தப் பேரைக் கேட்டதும் பயந்துபோய் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து, பக்கத்தில் படுத்திருந்தவள் தூங்கிக் குறட்டை விட்டாள். "சவம் எந்த ஊர்லடி கொறட்ட விடுது?" என்றார் டீச்சர். சிரித்த சிரிப்பில் பயம் போய்விட்டது.

அம்மா ஏலத்தோட்டத்திலிருந்து திரும்புவதற்குள் வீட்டிலும் செய்து பார்ப்பேன். புதன்கிழமை போடிமெட்டிலிருந்து தோட்டத்து ஆட்களை ஏற்றிவரும் ஜீப்பு வெரசா, பொழுதோடே வந்துவிட்டது. நான் கண்ணை மூடிச் சவாசனத்தில் கிடந்தேன். நம் வீட்டில் காலை நீட்டிப் படுக்க அந்த ஒரு இடம்தானே இருக்கிறது, உன்னைக் கிடத்தியிருந்த இடம். அம்மா தூக்குவாளியைக் கீழே போட்டுவிட்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

கூட வந்த பக்கத்து வீட்டு மாரியம்மா சித்திதான் சத்தம் போட்டாள். "வீட்டுல எழவு விழுந்து வருசம் திரும்பல. வயசுப்புள்ள பொணமாட்டம் படுக்குறதா? நாங்களுந்தான் விடிஞ்சா அடைஞ்சா ஏலச்செடிக்கடியில குனிஞ்சு ஆசனம் போடுறோம். எவ வந்து மால போட்டா?"

அம்மா கடைசியில் ஒன்றுதான் சொன்னாள். "இனிமே அந்தச் சோலியே வேணாம்."

நிறுத்திவிட்டேன். இன்று சாயங்காலம் அடுப்பு ஊதும்போது நெஞ்சுக்குள் அந்தச் சத்தம் வந்துவிட்டது. அம்மா திரும்பிப் பார்த்தாள். அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியாதா?

"எப்ப இருந்து?"

"ஐப்பசில இருந்து."

"ஏன் சொல்லல?"

"நீ பயந்துருவம்மா."

திட்டவில்லை. முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள். "நாளைக்குத் தோட்டத்துக்குப் போகல. ஆஸ்பத்திரிக்குப் போறோம்" என்றாள். ஆசனமும் செய்யட்டுமா என்று கேட்டேன்.

"மத்ததெல்லாம் செய்யி. அந்தப் படுக்குறது மட்டும் வேணாம் தாயி."

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. உன் கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்துத் துணியால் கட்டினார்களே, அதைக் கட்டியது அம்மாதான்.

"அம்மா, இதுல காலு ரெண்டும் சேரவே கூடாது. வெரலு ஆளுக்கொரு பக்கம் சாஞ்சு கெடக்கணும். சேந்திருந்தா டீச்சர் வந்து வெலக்கி விடுவாங்க" என்றேன்.

அம்மா என் கால்களைப் பார்த்தாள். பிறகு அதே இடத்தில் பாயை விரித்தாள்.

"படு. வயிறு ஏறி எறங்குறது எனக்குத் தெரியணும்."

படுத்தேன். அவள் வந்து என் இரண்டு பாதங்களுக்கும் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள், அவை சேர முடியாதபடி. மெதுவாக மூச்சை விட்டேன். கொஞ்ச நேரத்தில் அவள் மூச்சும் நீளமாக வருவது கேட்டது.

"போதும். எந்திரி ஆத்தா" என்றாள். எழுந்தேன்.

பயம் முழுக்கப் போகவில்லை அக்கா. டாக்டர் என்ன சொல்வாரோ? இந்த மூச்சுப் பயிற்சியை உனக்கு யாராவது சொல்லித் தந்திருந்தால் கொஞ்சமாவது லேசாக இருந்திருக்குமா?

டீச்சர் சொன்னபடி, டாக்டர் தரும் மாத்திரையைத் தவறாமல் முழுங்குவேன். இன்னொன்றும் உனக்குச் சத்தியம். உன்னை அம்மா அந்த இடத்தில் எத்தனை முறை எழுப்பிப் பார்த்தாள் என்று எனக்குத் தெரியும். என்னை எழுப்பும்போதெல்லாம், முதல் கூப்பாட்டிலேயே எழுந்துவிடுவேன்.

உன் பச்சைப் பாவாடையை இப்போது உடுத்துகிற தங்கச்சி,
வேணி