நண்டா, இறாலா?

இன்று காலை சாய்ந்தமருதுக் கடற்கரையில் ஒரு பெண் வாளி நிறைய, உரித்த இறாலின் ஓட்டுக் கோதைக் கொட்டினார். அந்த வாடை மூக்கில் ஏறியதும் எனக்கு உன்மேல்தான் கோபம் வந்தது. ஒரே கேள்விக்கு இரண்டு விதமாகப் பதில் சொல்லிவிட்டு நீ பாட்டுக்குப் போய்விட்டாய்.

மூக்கு வழியாகச் சளிக்காய்ச்சல் தடுப்பு மருந்தை மட்டும் விட்டால் உடம்பு அதைக் கணக்கெடுக்காது. கூடவே போய்த் தட்டியெழுப்ப ஒரு துணைப்பொருள் வேண்டும். அதைத்தான் நாம் இருவரும் ஆய்வுகூடத்தில் தேடினோம். நண்டுக் கோதில் எடுத்த பொடி எலிகளிடம் நன்றாகவே வேலை செய்தது. நான் துள்ளினேன். நீ முகத்தைச் சுளித்தாய்.

"எங்கட ஊருல ஹறாம் எண்டு நண்டு திங்காத வீடுதான் கனக்க. புள்ளைட மூக்குக்குள்ள அத உடுவாங்களா கா?"

"அமிலத்துல போட்டு, காரத்துல போட்டு எடுத்த பொறகு அதுல நண்டு எங்க கிடக்கு? மௌலவிக்கிட்டக் கேளு, ஓம் எண்டுவார்."

"மௌலவி ஓம் எண்டுவார். உம்மாமார் ஓம் எண்டணுமே!"

உன் பிடிவாதத்தால், எல்லா வீட்டிலும் தின்னும் இறாலின் கோதில் முதலிலிருந்து தொடங்கினோம். அது இழுத்துக்கொண்டே போனது. போன மாரி மழையில் சளிக்காய்ச்சல் உன் நெஞ்சில் இறங்கியது. ஆஸ்பத்திரியில் மூச்சுக்குத் திணறிக்கொண்டே என் கையைப் பிடித்தாய். "நண்டோ றாலோ, கெதியாச் செய் கா, இனியும் இழுக்காத" என்றாய். அதுதான் நீ உயிரோடு என்னிடம் கதைத்த கடைசி வார்த்தை.

இறால் பொடி இப்போதுதான் தேறி வருகிறது. நண்டுக்கே திரும்புவோம் என்று கூட வேலை செய்பவர்கள் அவசரப்படுத்துகிறார்கள். நாளைக்கு நான் முடிவு சொல்ல வேண்டும். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கடற்கரையிலிருந்து நேரே உன் வீட்டுக்குப் போனேன். உன் மகள் உன் உம்மாவின் மடியில் மூக்கொழுகக் கிடந்தாள்.

"மகள், நீங்க ரெண்டு பேரும் செஞ்ச மூக்கு மருந்து வந்திட்டா?" என்று உன் உம்மா என்னிடம் கேட்டார்.

"இன்னும் இல்ல உம்மா. நண்டுக் கோதுல செஞ்சா புள்ளைக்குக் குடுப்பீங்களா?"

"குடுக்கத்தானே வேணும்" என்றார். ஆனால் அவர் கை, அவரறியாமலே, பிள்ளையின் மூக்கைப் பொத்திக்கொண்டது.

இறால் என்றே நாளைக்குச் சொல்லப்போகிறேன். நீ முதலில் சொன்னதுதான் சரி. ஆனால் அந்தப் பொடி தேறுவதற்குள் அடுத்த மாரி வந்துவிடுமோ என்ற பயத்தை நான் எங்கே இறக்கி வைப்பேன்? நான் எழுந்து வரும்போதும் பிள்ளை இருமிக்கொண்டுதான் இருந்தாள்.