மேட்டுக்குள் இருப்பவர்கள்

செப்டம்பர் 6

காலையிலிருந்து மழை. கிளினிக்கில் நாள் முழுக்க ஊரார் பல்லில் கறை எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தால், மேசைமேல் கொம்பு காத்திருக்கிறது. ஓடின், தோர் என்ற, கிறித்துவத்துக்கு முந்தைய டேனிஷ் தெய்வங்களுக்குப் படைத்து மாட்டுக் கொம்பில் தேன்மது குடிக்கும் கூட்டத்தில் பல் சுத்தம் செய்கிறவள் ஒருத்தி இருந்துவிட்டால், கொம்பைக் கழுவும் வேலை அவள் தலையில்தான் விழும்.

யேஸ்பர் வந்து மோந்து பார்த்தான். "நல்லாத் தேய். ஓடினுக்கு வாய் நாத்தம் வந்துடப் போவுது." என் கணவனுக்குச் சாமியும் கிடையாது, பூதமும் கிடையாது. கால்பந்து மட்டும் உண்டு.

செப்டம்பர் 21

அறுவடைப் படையல். கிர்ஸ்டினேயின் ஆப்பிள் தோட்டத்துக்குப் பின்னால் உள்ள பழங்காலக் கல்லறைப் புல்மேட்டில், வழக்கம்போல் நனைந்துகொண்டே. பூசாரி அவள்தான்.

முதல் சுற்றுக் கொம்பு தெய்வங்களுக்கு. இடிக்கடவுள் தோருக்கு ஊற்றும்போது இடி இடித்தது, எல்லாருக்கும் பரம திருப்தி. இரண்டாவது முன்னோருக்கு. அவரவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, ஒரு வாய் குடித்து, கொஞ்சம் மேட்டில் ஊற்ற வேண்டும். கிர்ஸ்டினே எப்போதும் போல "டாக்மார், பெர்லே, ஸ்டியர்னே" என்று அழைத்தாள்.

இந்தச் சுற்றில்தான் எனக்குச் சிக்கல். கைக்குழந்தையாகக் கொரியாவிலிருந்து டென்மார்க்குக்குத் தத்து வந்தவள் நான். வளர்த்தவர்கள் ஞாயிறு தவறாமல் தேவாலயம் போனவர்கள்; இந்த மேட்டில் நின்று கூப்பிட்டால் கல்லறையிலிருந்து எழுந்து வந்து அறைவார்கள். பெற்றவள் பெயர் தெரியாது. ஆகவே பதினான்கு வருடமாக "எனக்கு முன்னால் வந்தவர்களுக்கு" என்று முணுமுணுத்துவிட்டு மடக்கென்று விழுங்கிவிடுவேன். யாரும் கேட்டதில்லை.

இன்று ஹோல்கர் அதைப் பிடித்துக்கொண்டார். ஓய்வுபெற்ற காப்பீட்டுக்காரர், சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது. தன் பதினோரு தலைமுறைப் பெயரையும் மூச்சுவிடாமல் ஒப்பிப்பார். அதில் இரண்டு பேர் பாதிரியார்கள். அவர்களும் இந்தத் தேன்மதுவைக் குடித்துத் தொலைக்க வேண்டியிருக்கிறது, பாவம்.

"தப்பா எடுத்துக்காத பெர்னிலே. இந்த மேட்டுல படுத்திருக்கறவங்க இந்த மண்ணோட ஆளுங்க. அவங்க ரத்தம் ஓடறவங்க மட்டும் ஊத்தறதுன்னு ஒரு விதி வச்சுக்கலாம்னு தோணுது. நீ தாராளமா நின்னு குடிக்கலாம்."

தாராளமாக! நான் கழுவிய கொம்பில்.

கிர்ஸ்டினே என்னைப் பார்க்கவே இல்லை. "அடுத்த மாசம் குளிர்காலப் படையலுக்குள்ள யோசிப்போம்" என்றாள். அவ்வளவுதான்.

செப்டம்பர் 22

கிர்ஸ்டினே ஏன் எனக்காக வாயே தொறக்கல? என்னை முதல்ல கூட்டிட்டுப் போனதே அவதான? அந்த மேட்டுல நிக்கும்போது மட்டுந்தான் நான் எங்கிருந்தோ வந்தவள்னு தோணாது. அதையும் புடுங்கணுமா?

அக்டோபர் 1

ஹோல்கர் கிளினிக்குக்கு வந்தார். எப்போதோ வாங்கிவைத்த நேரம். இருவராலும் நழுவ முடியவில்லை. வாயைத் திறந்தபடி கூரையைப் பார்த்துக் கிடந்தார். கருவி என் கையில். வழக்கத்தைவிட அழுத்தமாகச் சுரண்டவில்லை. கொஞ்சம்தான்.

ஈறில் ரத்தம் வந்தது. "துப்புங்க" என்றேன். பதினோரு தலைமுறை ரத்தமும் எல்லார் ரத்தத்தையும் போல இளஞ்சிவப்பாகத் தொட்டியில் இறங்கிப் போனது. மனதுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது என்பதை மறைப்பானேன்.

அக்டோபர் 8

விலகிவிடலாம் என்று முடிவு செய்து, கொம்பைத் துணியில் சுற்றிக் கிர்ஸ்டினேயிடம் கொண்டுபோய் வைத்தேன். ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ரோஷம் வந்துடுச்சா?" என்றாள்.

"வராதா பின்ன?"

"உக்காரு. அந்த மேட்டுக்குள்ள யாரு இருக்காங்கன்னு நினைக்கற?"

"யாரோ பழங்காலத்துத் தலைவன்."

"எங்கப்பாவோட மாடுங்க."

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது எங்கள் ஊர் இருக்கும் தீவில் மாடுகளுக்குக் கோமாரி வந்தது நினைவிருக்கிறது. கிர்ஸ்டினே வீட்டுப் பண்ணையில் ஒன்று விடாமல் சுட்டு, அங்கேயே குழி வெட்டி மூடியிருக்கிறார்கள். அதற்கப்புறமும் அவள் அப்பா கறவை நேரத்துக்கு எழுந்துபோய் வெறும் கொட்டகையில் நின்றுவிட்டு வருவாராம்.

"அப்ப டாக்மார்? பெர்லே?"

"பெர்லே உதைக்கும். டாக்மார் தங்கம். அதுங்க பாலைக் குடிச்சு வளந்தவ நான், வேற யாரைக் கூப்பிடறது? நீங்களா கல்லறை மேடுன்னு முடிவு பண்ணிக்கிட்டீங்க. என்னை யாரு கேட்டா?"

பெர்லே என்றால் முத்து, ஸ்டியர்னே என்றால் நட்சத்திரம்; இங்கே மாட்டுக்கு வைக்கும் அந்தப் பெயர்களைக் கேட்டபோதே எங்களுக்கு உறைத்திருக்க வேண்டும். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. பிறகு கோபம் வந்தது. "அன்னிக்கே சொல்றதுக்கென்ன?"

"எல்லார் முன்னாடியும் சொன்னா அந்த மனுஷன் மூஞ்சிய எங்க வச்சுப்பாரு?"

"என் மூஞ்சி? அது பரவாயில்லையா?"

கத்தி நின்றது. "தப்புதான்" என்றாள். "அந்த நேரத்துல எனக்குப் பயமா இருந்துச்சு. கூட்டம் ரெண்டா உடைஞ்சிடும்னு." கொம்பை என் பக்கம் தள்ளினாள். "எடுத்துட்டுப் போ. படையல் அன்னிக்கு மாட்டு விஷயத்தை நீயே போட்டு உடை. நான் ஆமான்னு சொல்றேன்."

அக்டோபர் 9

யேஸ்பரிடம் சொன்னேன். நாற்காலியிலிருந்து விழாத குறை. "பாதிரியாருங்க ரெண்டு பேரும் மாட்டோட சேந்து குடிச்சாங்களா? நானும் வரேன்டி. அந்தாளு மூஞ்சியப் பாக்கணும்."

பதினான்கு வருடத்தில் அவன் வருகிறேன் என்றது இதுதான் முதல் தடவை.

அக்டோபர் 19

குளிர்காலப் படையல். ஒரு வாரமாகக் குளியலறைக் கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்த வாக்கியம் மனதில் தயாராக இருந்தது: ஹோல்கர், நீங்க கும்பிட்டது மாட்டை.

யேஸ்பர் நல்ல இடமாகப் பார்த்து நின்றுகொண்டான். ஹோல்கர் ஒரு ஓக் பலகையோடு வந்தார். மேட்டில் உறங்கும் தாய்மாருக்காம். பழங்கால ரூன் எழுத்தில் செதுக்கியிருந்தார்: டாக்மார், பெர்லே, ஸ்டியர்னே. ஒரு வருட வேலை. கட்டைவிரலில் பிளாஸ்திரி. யேஸ்பர் இருமுவதுபோல் நடித்தான்.

இரண்டாம் சுற்று. ஹோல்கர் பதினொன்றையும் ஒப்பித்தார். கொம்பு எனக்கு வந்தது. ஹோல்கர் சொன்ன விதி பற்றி இன்னும் முடிவாகவில்லை. எல்லாரும் என் கையையே பார்த்தார்கள். வாயைத் திறந்தேன்.

"என்னைப் பெத்தவளே" என்று வந்தது. "உன் பேரு எனக்குத் தெரியாது. உனக்கும் நான் எங்க இருக்கேன்னு தெரியாது. இங்கதான் இருக்கேன். நல்லா இருக்கேன். குடி."

ஊற்றினேன். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. பாதி என் பூட்ஸுக்குள் போனது. ஹோல்கர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

காரில் பாதி வழியில் யேஸ்பர் என் பக்கம் திரும்பினான். "மாட்டைப் பத்திச் சொல்லவே இல்லையே?"

"மறந்துபோச்சு" என்றேன். நிஜமாகவே மறந்துபோயிருந்தது.

அக்டோபர் 20

தலைவலி. தேன்மது.

நவம்பர் 16

கடையில் காலி பாட்டிலைப் போட்டுக் காசைத் திரும்ப வாங்கும் இயந்திரத்தின் முன்னால் ஹோல்கர். ஒவ்வொன்றாக உள்ளே விட்டுக்கொண்டிருந்தார். பின்னால் நான்.

"கிர்ஸ்டினே சொல்லிட்டா" என்றார், திரும்பாமலே. "மாடு."

"எழுத்து நல்லா இருக்கு."

"உனக்கு அன்னிக்கே தெரியுமாம்."

"ம்."

ஒரு பாட்டிலை இயந்திரம் ஏற்காமல் வெளியே தள்ளியது. அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். "பதினோரு தலைமுறை பேரும் எனக்குத் தெரியும் பெர்னிலே. ஒருத்தரைக்கூட நீ கூப்பிட்ட மாதிரி நான் கூப்பிட்டதில்ல. வாசிச்சிருக்கேன், அவ்வளவுதான்." பிறகு தொண்டையைச் செருமினார். "டிசம்பர்ல யூல் படையலுக்கு முன்னோர் சுற்றை நீ ஆரம்பிச்சு வை. முதல்ல நீ ஊத்து. நாங்க பின்னாடி ஊத்தறோம்."

"யோசிச்சுச் சொல்றேன்" என்றேன், அவர் பாணியிலேயே தாராளமாக.

கார் வரைக்கும் வந்து இன்னொரு தடவை கேட்டார். கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்சம் அழுதேன். அவர் மழையில் நின்றுகொண்டே இருந்தார். கண்ணாடியை இறக்கி, சரி என்றேன்.