கரண்ட் இல்லாத நாட்களில் உங்கள் மூச்சு

மாமா,

அக்கா இன்று உங்கள் மூச்சு மெஷினின் மாஸ்க்கைக் கழுவிக் கொடியில் போட்டிருந்தாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. கிட்டே போனால் ரப்பர் வாசனை. அதற்கு அடியில் உங்கள் விபூதி.

கடலூர் கோர்ட்டில் நீங்கள் டவாலி. வாசலில் நின்று கட்சிக்காரர் பெயரை மூன்று முறை கூப்பிட வேண்டும். ஒரே மூச்சில் மூன்றும் வந்துவிடும் உங்களுக்கு. சிதம்பரத்தில் நான் எம்.ஏ. படித்த காலத்தில் ஒரு நாள் உங்களைப் பார்க்கக் கோர்ட்டுக்கு வந்தேன். இரண்டாவது முறையோடு நின்றுவிட்டீர்கள். தூணைப் பிடித்துக்கொண்டீர்கள். மூன்றாவதை வேறு யாரோ கூப்பிட்டார்.

இதயம் பலவீனம் என்று ஏற்கெனவே மாத்திரை கொடுத்திருந்தார்கள். கால் வீக்கம். பகலெல்லாம் தூக்கம். "ராத்திரி கொறட்டை வுட்டு நல்லாத்தான் தூங்குறாரு, அப்புறமும் என்னா தூக்கம்" என்று அக்கா அலுத்துக்கொள்வாள். குறட்டை என்றால் நல்ல தூக்கம். எல்லோரும் அப்படித்தான் நம்பினோம். நடுவில் சத்தம் அடங்கினால், அப்பாடா என்று நாங்களும் கண்ணை மூடினோம்.

அடங்கியது குறட்டை இல்லை, மூச்சு என்று சிதம்பரத்து டாக்டர் சொன்னார். தலையிலும் மார்பிலும் ஒயர் ஒட்டி உங்களைத் தூங்கவைத்துப் பார்த்த பிறகு. மூச்சு நிற்கும்போதெல்லாம் உடம்பு திடுக்கிட்டு விழிக்கிறது. களைத்த இதயம் அந்தத் திடுக்கிடலில் இன்னும் களைக்கிறது. அவர் எழுதிக் கொடுத்த மெஷின், தூங்கும்போது மாஸ்க் வழியாகக் காற்றைத் தள்ளி மூச்சுப் பாதையைத் திறந்து வைக்கும். இதயத்தைச் சரிசெய்துவிடாது, சுமையைக் குறைக்கும். மாத்திரையை விடக் கூடாது.

மாஸ்க்கையும் குழாயையும் மாட்டிக்கொண்டு கண்ணாடியில் பார்த்தீர்கள்.

"தும்பிக்கை ஒண்ணுதான் பாக்கி இருந்துது மச்சான். ஒங்க அக்காவ கொழுக்கட்டை செய்யச் சொல்லு."

முதலில் பிடுங்கி எறிந்தீர்கள். பிறகு பழகியது. ஒரு நாள் கோர்ட்டிலிருந்து போன் செய்து, பெருமையை மறைத்துக்கொண்டு, மூன்று முறையும் கூப்பிட்டதாகச் சொன்னீர்கள்.

பிறகு அந்தப் புயல். நானும் அப்போது உங்கள் வீட்டில் இருந்தேன். மின்கம்பங்கள் விழுந்து கிடந்தன. கரண்ட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. ஜெனரேட்டர் இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம் என்றோம். ஊரே இருட்டில் கிடக்கிறது, எனக்கு மட்டும் கரண்டா என்று மறுத்துவிட்டீர்கள்.

தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து படுத்தீர்கள். அக்காவும் நானும் முறை வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தோம். மூச்சு நின்றால் அவள் "ஏங்க" என்று தோளைத் தட்டுவாள். உங்கள் பெயரைச் சொல்லி அவள் கூப்பிட்டதே இல்லை. நீங்கள் பெரிதாக இழுத்து, எங்களைப் பார்த்துவிட்டு, மறுபடி தூங்குவீர்கள்.

ஒரு மத்தியானம் நான் தட்டியபோது கண்ணைத் திறக்காமலே சொன்னீர்கள்.

"செத்த நேரம் தூங்க வுடுங்கடா."

கோபமில்லை. கெஞ்சல்.

அப்போதுதான் டாக்டர் சொன்னது உறைத்தது. திடுக்கிட்டு விழிப்பதுதான் இதயத்தைக் களைக்கிறது. அப்படியானால் நாங்கள் செய்துகொண்டிருந்தது என்ன?

அடுத்த முறை என் கை உங்கள் தோளுக்கு மேல் போய் நின்றது. தொடவில்லை. மூச்சு தானாகவே வந்தது. அக்காவிடம் எதையும் சொல்லவில்லை.

கரண்ட் வருவதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள். அவள் முறை அது. "ஏங்க, ஏங்க" என்று உலுக்கிக்கொண்டே இருந்தாள். கடைசியில் பெயரைச் சொன்னாள்.

பிறகு டாக்டரைப் பார்த்துக் கேட்டேன். தட்டியது சரியா, தப்பா.

"சொல்ல முடியாதுப்பா. ஹார்ட் ரொம்ப வீக்கா இருந்துது."

இப்போதெல்லாம் அக்கா மத்தியானத்தில் கொஞ்சம் கண்ணயர்கிறாள். நான் அடுத்த அறையில் புத்தகத்தைத் திறந்து வைத்திருக்கிறேன். அவள் மூச்சுச் சத்தம் கேட்காமல் போனால் எழுந்து கதவு வரை போகிறேன். எழுப்பவும் முடியவில்லை. திரும்பி வரவும் முடியவில்லை. அங்கேயே நிற்கிறேன், மாமா.