பெட்டரியைக் குடிப்பது யார்?

6 ஒக்டோபர் 1997, திங்கள்

விடிய மழை. ரப்பர் பால் வெட்டு இல்லை. ஃபெக்டரியில் வேலை குறைவு.

கார் இன்றும் செத்துக் கிடக்கிறது. இன்றோடு மூன்று நாள். நேற்று மாலை கடைக்குப் போய் வந்தேன், பாட்டுப் பாடிக்கொண்டு ஓடியது. ராத்திரி ஷெட்டில் நின்றது. காலையில் சாவியைத் திருப்பினால் ஒரு 'டிக்'. அவ்வளவுதான்.

காலைப் பெரட்டில் பேர் கொடுக்க வந்த ஆட்களில் நாலு பேர் பள்ளப் பாதையில் தள்ளிவிட்டார்கள். செக்கண்ட் கியரில் பிடித்தது. கணக்கப்பிள்ளை குடைக்குள் நின்றுகொண்டு, "என்னா முத்தையா, எஞ்சின் டிரைவர் வீட்டுக் காருக்கே வயித்து வலியா?" எல்லாரும் சிரிப்பு. நானும் சிரித்து வைத்தேன். இந்தத் தோட்டத்து ரப்பர் ஃபெக்டரியில் இருபத்திரண்டு வருஷமாக எஞ்சின் பார்க்கிறவன் நான். உள்ளே பற்றி எரிந்தது.

கேலி கிடக்கட்டும். வசந்திக்குத் தலைப்பிரசவம். மிட்வைஃப் அம்மா சொன்ன கெடு இந்த வாரக் கடைசி. மருமகன் கொழும்பில், கடை வேலை, லீவு இல்லை. தோட்டத்து லொறி ஷீட் ஏற்றிக்கொண்டு கொழும்பு போனால் வர இரண்டு நாள். கரவனெல்ல ஆஸ்பத்திரிக்கு ஒன்பது மைல். போன மாசம் மேல் லயத்து வீட்டுப் பெண்ணுக்கு லொறியிலேயே பிரசவம், ரப்பர் ஷீட் கட்டு மேலே. தாயும் பிள்ளையும் சுகம்தான். ஆனாலும் என் மகளுக்கு அப்படி வேண்டாம் சாமி.

நாளைக்கு:
1. பெட்டரிக்குத் தண்ணீர்
2. டெர்மினல் உப்பு சுரண்ட
3. ஃபேன் பெல்ட்
4. வீட்டுக்காரி புஷ்பத்திடம் வாயைக் கொடுக்காமல் இருக்க

7 செவ்வாய்

வெயில். காலையில் 'டிக்'. மறுபடி தள்ளல். இன்று ஆறு பேர், வேடிக்கைக்கு இரண்டு பேர் கூடுதல்.

1, 2, 3 முடிந்தது. 4 முடியவில்லை.

புஷ்பம்: "நீங்கதான் காருக்குள்ள உக்காந்து ரேடியோ கேட்டு பெட்டரிய முடிச்சிருப்பீங்க."

ரேடியோவைக் கழற்றி ஒரு வருஷமாகிறது என்றேன்.

"அப்போ எங்கயாச்சும் ஏதாச்சும் எரியுதோ என்னமோ. எனக்கு என்னா தெரியும், நா என்ன எஞ்சின் டிரைவரா?"

முப்பது வருஷக் குடும்பத்தில் இந்த வாய் மட்டும் குறையவே இல்லை. வசந்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். "அம்மா, சிரிக்க வைக்காத, உள்ள உதைக்குது!" நல்லது. உதைக்கட்டும்.

கால் வீக்கம் கொஞ்சம் உண்டு. காரின் பின் சீட்டில் சாய்ந்தால்தான் இடுப்புக்குச் சுகமாம். பகல் முழுக்க அங்கேதான், கொய்யாக்காயும் உப்பும் வைத்துக்கொண்டு. ஓடாத கார் அதற்காவது உதவுகிறது.

8 புதன்

மறுபடி செத்தது. ஆள் விட்டு ஜங்ஷன் மெக்கானிக் சுனில் பாஸை வரவழைத்தேன். கார் வயரிங்கில் கெட்டிக்காரர். இதில் எனக்குக் கொஞ்சம் வெட்கம்தான். பிள்ளைக்கு முன்னால் வெட்கமாவது மண்ணாவது.

சுனில் பாஸ் காரில் ஏறும்போதே டேஷ்போர்டில் இருக்கும் முருகன் படத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "கதரகம தெய்யோ!" கதிர்காமத்து முருகன் அவருக்கும் சாமி. பிறகுதான் வேலை.

"முத்தையா அண்ணே, பெட்டரி ஹொந்தாய். நல்லா இருக்கு. எங்கயோ கரண்ட் லீக். லைட் எல்லாம் ஓஃப் தானே?"

"எல்லாம் ஓஃப்" என்று நானும் புஷ்பமும் ஒரே குரலில்.

பெட்டரியின் ஒரு வயரைக் கழற்றி நடுவில் ஒரு பல்பைப் பிடித்தார். எங்கும் கரண்ட் ஓடாவிட்டால் அது எரியக்கூடாது. எரிந்தது! மங்கலாக, ஆனால் எரிந்தது. இந்தக் காருக்கு இருப்பதே இரண்டு ஃபியூஸ். இரண்டையும் பிடுங்கினார். எரிகிறது. ஹோர்ன் வயர் கழற்றினார். எரிகிறது. மூன்று மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. பாஸுக்குத் தலை சொறிதல்.

"அண்ணே, ஃபியூஸுக்குப் போகாம ஒரு ஹொரா வயர் இருக்கு. திருட்டு வயர். அதத்தான் தேடணும்."

டைனமோவைக் கழற்றிப் பார்க்கச் சொல்லிவிட்டு, டெஸ்ட் பல்பையும் கொடுத்துவிட்டுப் போனார். தேத்தண்ணி மட்டும் இரண்டு கப் குடித்தார். தங்கமான ஆள்.

பின் குறிப்பு: இரவுக்கு வயரைக் கழற்றி வைக்கலாமா என்று கேட்டேன். புஷ்பம் ஒரே பிடியாக "கூடவே கூடாது". ஏன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. 

9 வியாழன்

எழுதவே கை கூசுகிறது. ஆனால் இது என் கொப்பி, வேறு யார் பார்க்கப் போகிறார்கள்.

மத்தியானம் ஃபெக்டரியிலிருந்து வந்ததும் டைனமோ வயரைக் கழற்றினேன். டெஸ்ட் பல்ப் அசையாமல் எரிகிறது. போய்யா என்று அதை எடுத்துவிட்டு பெட்டரி வயரை நேராக மாட்டினேன். மறுபடி பல்பைப் பிடித்தேன். வசந்தி பின் சீட்டில், கொய்யாக்காயோடு.

"அப்பா, என்னா செய்றீங்க? முருகன் மங்கிட்டாரு."

"என்னாது?"

"இப்ப மங்கலா இருக்காரு. மொத நல்லா எரிஞ்சாரு."

நேராக மாட்டினேன். "இப்ப பளிச்சுனு இருக்காரு!" பல்பைப் பிடித்தேன். "மங்கிட்டாரு!"

அப்படியே பொனட்டைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். டெஸ்ட் பல்பும் முருகனும் ஒரே கரண்டைப் பங்கு போடுகிறார்கள்.

போன வெள்ளி மிட்வைஃப் அம்மா கெடு சொன்ன அன்று புஷ்பம் வேண்டிக்கொண்டாள், பிள்ளை பிறக்கும்வரை காரில் இருக்கும் முருகன் முன்னால் விளக்கு அணையக்கூடாது என்று. படத்துக்குப் பின்னால் பல்ப் வைத்து, சாவியை எடுத்தாலும் அணையாதபடி பெட்டரியிலிருந்து நேராக வயர் இழுத்தவன் யார்? நான். சின்ன பல்ப் இல்லை என்று பிரேக் லைட் பல்பைப் போட்டு, சிவப்புக் கடதாசி சுற்றியவன் யார்? அதே மகான். அடுத்த நாள் காலையிலிருந்துதான் கார் சாகிறது.

லைட் எல்லாம் ஓஃபா என்று கேட்டால் ஓஃப் என்றோம். பொய் சொல்லவில்லை. சாமி விளக்கை யார் லைட் என்று கணக்கில் சேர்ப்பார்கள்? தொட்டுக் கும்பிட்ட சுனில் பாஸே சேர்க்கவில்லை.

அடுப்படிக்குப் போய் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. முகம் சுருங்கிவிட்டது.

"அத நிப்பாட்டக் கூடாதுங்க. புள்ளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா?"

"எரிஞ்சிக்கிட்டே இருந்தா கார் கிளம்பாது புஷ்பம். கார் கிளம்பலனா புள்ளைய எதுல கொண்டு போறது?"

ரொட்டியைத் தட்டிக்கொண்டே இருந்தாள். எனக்கும் பயம்தான். விளக்கை அணைக்கவும் பயம், அணைக்காமல் விடவும் பயம். அரை மணி கழித்து அவளே வந்தாள்.

"வெளக்கு அணையக்கூடாதுன்னுதான் வேண்டினேன். பெட்டரியிலதான் எரியணும்னு வேண்டல."

அடி என் ராசாத்தி!

படத்தை மட்டும் கழற்றி வீட்டுக்குள் வைத்தாயிற்று, பல்ப் காரிலேயே எரிகிறது. முதலில் அவள் நல்லெண்ணெய் விளக்கை ஏற்றினாள். அது நின்று எரிந்த பிறகு "இப்ப" என்றாள். அப்போதுதான் நான் காரில் வயரைப் பிடுங்கினேன். நடுவில் ஒரு நொடி கூட இருட்டு இல்லை. பெட்டரியைத் தூக்கிப்போய் ஃபெக்டரி சார்ஜரில் மாலைவரை போட்டு வந்து மாட்டினேன். டெஸ்ட் பல்ப் எரியவில்லை. கரிக்கட்டை போல் இருந்தது. பார்க்கப் பார்க்க அழகு.

10 வெள்ளி

ஆஸ்பத்திரி வாங்கில் உட்கார்ந்து எழுதுகிறேன். பேனை கடன்.

காலை ஐந்தரைக்கு வலி. வெளியே மழையும் பனியும், கைக்கு எட்டிய தூரம் தெரியவில்லை. முருகா என்று சாவியைத் திருப்பினேன். ஒரே இழுப்பு. பிடித்தது! பெரட்டுக்கு வந்தவர்கள் தள்ளுவதற்கு ஓடி வந்து, வேலை இல்லாமல் நின்று கைதட்டினார்கள். எண்ணெய் விளக்கையும் காரில் ஏற்றுவேன் என்று புஷ்பம். பெட்ரோல் இருக்கிறது தாயே என்று நான். கடைசியில் பக்கத்து வீட்டு லெட்சுமி விளக்குக்குக் காவல்.

வழியெல்லாம் வசந்தி, "மெதுவா அப்பா", "வேகமா அப்பா", இரண்டையும் மாற்றி மாற்றி. ஆறே கால் மணிக்கு ஆஸ்பத்திரி வாசல். சாவியை எடுத்தேன், மகளைப் பிடித்துக்கொண்டேன், ஓடினேன்.

ஒன்பது பத்துக்கு நர்ஸ் மிஸ்ஸி வந்து, "கெல்லெக்!" பெண் பிள்ளை. ஆறரை றாத்தல். இருவரும் சுகம். நிறைய முடி.

புஷ்பம் அழுதாள். நான் அழவில்லை என்று எழுதலாம், ஆனால் வாங்கில் இருந்த எல்லாரும் பார்த்துவிட்டார்கள். மூக்கைச் சிந்திவிட்டு அவள் சொன்னாள், "லெட்சுமிக்குச் சொல்லி விடணுங்க. இனி வெளக்க அணைக்கலாம்."

அணைக்கலாமா? ஐயோ! பனிக்குள் ஹெட்லைட் போட்டு வந்தேனே!

முற்றத்துக்கு ஓடினேன். இரண்டு ஹெட்லைட்டும் பழுத்த ஆரஞ்சுப் பழ நிறத்தில், இன்னும் கொஞ்சம் உயிரோடு. மூன்று மணி நேரம். சாவியைத் திருப்பினேன். 'டிக்'.

வாட்டு வாசலிலும் தேத்தண்ணிக் கடையிலும் நின்றவர்களைக் கூப்பிட்டேன். ஆறு பேர் வந்தார்கள். அவர்களிடம் முதலில் பேத்தி பிறந்ததைச் சொன்னேன். கார் விஷயம் அப்புறம்தான்.