வேட்டியைக் கிழிக்கச் சொல்லி ஒரு வரி

பூவம்
கார்த்திகை, 1984

அன்புள்ள சோமு அண்ணனுக்குத் தங்கை தையல்நாயகி வணங்கி எழுதுவது. அங்கே பிரான்சுக் குளிரில் உங்கள் உடம்புக்கு ஒரு குறையும் வராமல் இருக்க வேண்டும். இங்கே அனைவரும் நலம் என்று அம்மா சொல்லச் சொல்ல மத்தியானம் நான் எழுதிய தாளும் இதே உறைக்குள் இருக்கும், அதை முதலில் படித்திருப்பீர்கள். இந்தத் தாள் இருப்பது அம்மாவுக்கும் அப்பாவுக்கும் தெரியாது. எல்லோரும் படுத்துவிட்டார்கள், நான் சமையற்கட்டில் சின்ன விளக்கை வைத்துக்கொண்டு எழுதுகிறேன், கூடத்தில் அப்பா இருமினால் கை நின்றுவிடுகிறது, எழுத்து கோணலாக இருந்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் மகன் பூமிநாதன் குப்புற விழுந்துவிட்டான் என்று அம்மா எழுதச் சொன்னது உண்மைதான், விழுந்துவிட்டுத் தலையைத் தூக்கி எல்லோரையும் முறைக்கிறான். ஆனால் நீங்கள் சொன்னபடி காகித ஜட்டிதான் கட்டுகிறோம், துணியைத் தொடுவதே இல்லை என்று எழுதியிருக்கிறதே, அது பொய். புரட்டாசியில் உங்கள் சிநேகிதர் நீலமேகம் வந்தபோது நீங்கள் கொடுத்தனுப்பிய ஜட்டிக் கட்டைத் தெருவே வந்து தொட்டுப் பார்த்தது. ஒரு தரம் கட்டியதும் எறிந்துவிட வேண்டும் என்று நீங்கள் எழுதியிருந்ததை நான் இரண்டு தரம் படித்துக் காட்டினேன். அம்மா கேட்கவில்லை. ஏண்டி, மூத்திரந்தானே பேஞ்சிருக்கான், பிளேன்ல வந்த சாமானைக் குப்பையில போடச் சொல்றியா என்று அதையே கொடியில் காயவைத்துத் திரும்பத் திரும்பக் கட்டினார்கள், ஒட்டுப் பட்டை ஒட்டாமல் போனதும் ஊக்குக் குத்தினார்கள். உள்ளே இருந்த பஞ்சு கட்டி கட்டியாகத் திரண்டு, பிள்ளைக்குத் தொடையிடுக்கு முழுவதும் சிவந்து தோல் உரிந்துவிட்டது. டாக்டர் பார்த்துவிட்டு இதை யார் காயவைத்துக் கட்டியது என்று கேட்டபோது அம்மா என்னைப் பார்த்தார்கள். இப்போது புண் ஆறிவிட்டது, பயப்படாதீர்கள். மிச்சம் இருக்கும் இரண்டை யாராவது பார்க்க வந்தால் கட்டுவதற்கென்று பீரோவின் மேல் வைத்திருக்கிறார்கள்.

ஆகையால் இப்போது துணிதான், ஆனால் துணி எங்கே இருக்கிறது? இனிமேல் துணி கட்டாதீர்கள், இருப்பதையெல்லாம் தூக்கிப் போடுங்கள் என்று நீங்கள் எழுதிய கடிதம் வந்த மறுநாளே அம்மா பழம்புடவையைக் கிழித்துச் சேர்த்து வைத்திருந்த மெத்துத் துணியையெல்லாம் மூட்டையாகக் கட்டி அடுத்த வீட்டுக் காசியம்மாவிடம் கொடுத்துவிட்டார்கள், அவர்கள் மருமகளுக்கும் அப்போதுதான் பிள்ளை பிறந்திருந்தது. கொடுத்ததைத் திரும்பக் கேட்க முடியுமா? நம் துணி அவர்கள் கொடியில் வரிசையாகக் காய்கிறது, நம் கொடியில் மூட்டையில் சேராமல் தப்பிய எட்டே எட்டுத் துணி. வீட்டில் வேறு பழம்புடவை இல்லை, நீங்கள் அனுப்பியதும் நாம் வாங்கியதும் எல்லாம் நைலக்ஸ், அப்பா வேட்டிகூட பாலியஸ்டர் ஆகிவிட்டது, அதில் ஈரம் இறங்காமல் வழிந்து ஓடுகிறது. புதுத்துணியைப் பச்சைப் பிள்ளைக்குக் கட்டக் கூடாதாம். காசியம்மா வேலியோரம் நின்றுகொண்டு, என்ன நாயகி, பாரீசுப் புள்ளைக்குக் காயிதமாம்ல, ஒனக்கு மட்டும் ஏண்டி பீத்துணி என்று சிரிக்கிறார்கள். எனக்கு அழுகை அழுகையாக வருகிறது.

அந்த எட்டையும் அலசுவது நான்தான். பால் கொடுக்கிறவள் மழைநாளில் தண்ணீரில் கை வைத்தால் பிள்ளைக்குச் சளி கட்டும் என்று அண்ணியை அம்மா கிணற்றடிக்கே விடுவதில்லை. அம்மாவுக்கோ கார்த்திகை வந்தால் இளைப்பு, நாலு வாளி இறைத்தால் உட்கார்ந்துவிடுகிறார்கள். விளக்கு வைத்த பிறகு பிள்ளைத் துணி வெளியில் கிடந்தால் மேலே பறவை பறந்து தோஷம் பிடித்துவிடும் என்று பயம் வேறு, அதனால் துவைப்பதும் உலர்த்துவதும் பகலிலேயே நடக்க வேண்டும். பகலில் நான் பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டியவள் அண்ணா. ஒரு துணி காய்வதற்குள் மூன்று துணி நனைகிறது, இந்த அடைமழையில் அடுப்புக்கு மேலே பிடித்து ஒவ்வொன்றாகக் காயவைக்கிறேன், என் பாவாடையெல்லாம் புகையும் மூத்திரமும் நாறுகிறது. தீபாவளி முடிந்ததிலிருந்து நான் சரியாகக் காரைக்கால் பஸ் ஏறவில்லை. பத்தாம் வகுப்பில் இத்தனை நாள் வராவிட்டால் பரீட்சைக்குப் பெயர் அனுப்ப முடியாது என்று மங்கையர்க்கரசி டீச்சர் என்னோடு படிக்கும் கமர் நிஷாவிடம் சொல்லி அனுப்பினார்கள். அதை அப்பாவிடம் சொன்னேன், சொல்லாமல் இருந்திருக்கலாம். அனுப்பாட்டிப் போவட்டும், தை பொறந்ததும் நானே போயி பேரை எடுத்துட்டு வந்துடுறேன், புள்ளையைப் பாத்துக்கிட்டு வீட்டோட கிட என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

துணி இல்லாமலும் இல்லை. நீங்கள் விட்டுவிட்டுப் போன ஐந்து வேட்டிகள் தகரப் பெட்டியில் கர்ப்பூரம் போட்டு மடித்து இருக்கின்றன, துவைத்துத் துவைத்துப் பூப்போல ஆன வேட்டிகள். தகப்பன் வேட்டியைக் கிழித்துத்தானே எல்லா வீட்டிலும் பிள்ளைக்குக் கட்டுகிறார்கள். ஐந்தையும் கிழித்தால் கொடி நிறைந்துவிடும். காலையில் பஸ்ஸுக்கு முன்னால் நான் அலசிப் போட்டுவிட்டால் சாயங்காலம் அண்ணி எடுத்து மடித்துவிடுவார்கள், நடுவில் ஒருவரும் தண்ணீரில் கை வைக்க வேண்டாம், நான் பள்ளிக்கூடம் போகலாம். இதை அம்மாவிடம் கெஞ்சிக் கேட்டேன். அவன் வந்தா கட்டிக்க என்னடி இருக்கு, துணியே வேணாங்கறவன் வேட்டியைக் கிழிச்சுப் பீத்துணியாக்குனா என்னை என்ன நெனப்பான் என்கிறார்கள். அண்ணி உங்கள் எழுத்தை மீறி ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். எல்லோருக்கும் உங்கள் ஒரு வரிதான் சட்டம். அந்த வரியை நீங்கள் எழுதி மூன்று மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் எங்கள் வீடு இப்படி ஆகிவிட்டது. பெரியவர்களை எதிர்த்து எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள், ஆனால் துணி வேண்டாம் என்று முடிவு செய்த நீங்களும் சரி, காகிதத்தைக் காயவைத்த அம்மாவும் சரி, பெயரை எடுக்கப் போகிற அப்பாவும் சரி, ஒருவர்கூட ஒரு துணி அலசியதில்லை.

உங்களைக் கேட்பது ஒன்றுதான். நம் ஊருக்குத் துணிதான் சரி, என் வேட்டிகளைக் கிழித்துக் கட்டுங்கள் என்று அம்மாவுக்கு ஒரு வரி எழுதுங்கள். உங்கள் கடிதம் வந்தால் நான்தானே படித்துக் காட்டுகிறேன், நீங்கள் எழுதாததை நானே சேர்த்துப் படித்துவிடலாமா என்றுகூட நினைத்தேன், ஆனால் நான் படித்து வைத்த பிறகு அண்ணி அதை எடுத்துத் தனியாக நாலைந்து தரம் படிப்பார்கள். அதனால் நீங்களே எழுத வேண்டும். என் பெயரையோ பள்ளிக்கூடத்தையோ அதில் எழுத வேண்டாம், குரல் நடுங்காமல் என்னால் படிக்க முடியாது. துணியைப் பற்றி மட்டும் எழுதுங்கள், மற்றது தானாக நடக்கும். பொங்கலுக்கு யாரிடமும் காகித ஜட்டி கொடுத்தனுப்பாதீர்கள்.

இந்தத் தாளுக்குள் மடித்து வைத்திருப்பது உங்கள் வேட்டியின் முனை. சற்று முன் ஓட்டில் மழை சத்தமாக விழுந்தபோது கிழித்தேன், இல்லாவிட்டால் கிழிகிற சத்தத்தில் அம்மா எழுந்திருப்பார்கள். விரலில் வைத்துத் தேய்த்துப் பாருங்கள், இது உங்கள் பிள்ளைக்கு உறுத்துமா? முனை போன வேட்டியைப் பெட்டியில் மேலாகவே வைத்து மூடிவிட்டேன், அவசரத்தில் அடியில் சொருகத் தோன்றவில்லை. மழை விட்டு முதல் வெயில் அடிக்கிற நாளில் அம்மா அந்தப் பெட்டியைத் திறந்து வேட்டிகளை வெயிலில் போடுவார்கள், உங்களுக்குத் தெரியும். இத்தனை நாளும் ஒரு வெயில் அடிக்காதா என்று சாமியை வேண்டிக்கொண்டிருந்தேன். இனி உங்கள் கடிதம் வந்து சேரும்வரை இந்த மழை விடவே கூடாது.

காலையில் உறையை ஒட்டுவது நான்தான், அப்பா தபாலில் சேர்ப்பார்கள். குளிருக்குக் காதைக் கட்டிக்கொள்ளுங்கள். படித்ததும் இந்தத் தாளைக் கிழித்துவிடுங்கள், துணியை வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கீழ்ப்படிந்த தங்கை,
சி. தையல்நாயகி,
பத்தாம் வகுப்பு