அண்டர்ஸ்டுட் என்று வந்த தந்தி

ராசிபுரம்,
3-9-1937

என் கண்ணான மகள் பெரியநாயகிக்கு உன் அப்பா எழுதுவது. இங்கு எல்லோர் உடம்புக்கும் குறைவில்லை, மனசுதான் சரியில்லை. சென்னைப் பட்டணத்து ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிப்புக்கு நடுவே நீ வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன். நாலு நாளாக மழை, தெருவில் நூலை நீட்டிப் பாவு போட முடியாமல் தறி சும்மா கிடக்கிறது.

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது, நடந்ததை மறைக்காமல் உனக்கு எழுத வேண்டும். புதுச்சத்திரம் காளியப்பன் தன் மகனுக்கு உன்னைக் கேட்கிறார், ஆவணி முடிவதற்குள் கல்யாணம் வைக்க அவசரப்படுகிறார், உன் எண்ணத்தைத் தந்தியில் சொல் என்று எழுதியிருந்தேன் அல்லவா, அதற்கு நீ அடித்த இங்கிலீஷ் தந்தியை நம் போஸ்டு மாஸ்டர்தான் படித்துச் சொன்னார். அண்டர்ஸ்டுட், கடிதம் பின்னால் வருகிறது என்று இருந்தது. அந்த முதல் வார்த்தைக்கு அர்த்தம் கேட்டேன். விசயம் புரிஞ்சுதுன்னு அர்த்தமுங்க என்றார். அப்படீன்னா சம்மதந்தானுங்களே என்றேன். இல்லீங்க, சம்மதம்னா அக்ரீடுன்னு வேற வார்த்தை இருக்குது, மேலதிகாரி உத்தரவு வந்தா நாங்களே அண்டர்ஸ்டுட்னுதான் எழுதறோம், புடிச்சுதா புடிக்கலையாங்கறது அதுல இல்லீங்க, கடுதாசி வர்ற வரைக்கும் பொறுங்க என்று தெளிவாகத்தான் சொன்னார்.

நான் பொறுக்கவில்லை சாமி. வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம், புள்ள சம்மதம்னு தந்தி குடுத்துட்டா என்று சொல்லிவிட்டேன். அவள் கண்ணில் தண்ணீரோடு மாரியம்மன் கோயிலுக்கு ஓடினாள். மறுநாளே புதுச்சத்திரம் போய் வெற்றிலை பாக்கு மாற்றினேன். நீ மறுத்து எழுதுவாய் என்று உள்ளூரப் பயம் இருந்தது, வாக்குக் கொடுத்துவிட்டால் என் மானத்துக்காகவாவது இறங்கி வருவாய் என்று நினைத்தேன். ஐந்தாம் நாள் உன் கடிதம் வந்தது. படிப்பு முடிய இன்னும் இரண்டு வருஷம், அதுவரை கல்யாணம் வேண்டாம் அப்பா என்று எவ்வளவு பணிவாக எழுதியிருந்தாய். படிக்கப் படிக்க வெட்கமாக இருந்தது. உன்னிடம் கேட்டுவிட்டு, உன் பதிலை நானே சொல்லியிருக்கிறேன்.

அன்றைக்கே உன் அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன், பிறகு புதுச்சத்திரம் போனேன். அந்தப் பையன் கல்யாணத்துக்கென்று தன் வேட்டியைத் தானே நெய்துகொண்டிருந்தான், பாதி முடிந்திருந்தது. நான் சொன்னதைக் கேட்டதும் தறியை விட்டு எழுந்து உள்ளே போய்விட்டான். காளியப்பன் சத்தம்கூடப் போடவில்லை. பொண்ணு மேல தப்பில்லீங்க, நீங்க ஏனுங்க எங்களை இப்படிப் பண்ணுனீங்க என்றார். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு நடந்தே ஊர் திரும்பினேன்.

உன் மேல் இங்கு யாருக்கும் வருத்தமில்லை. படிப்பை விடாதே, மழைக்காலம், வெந்நீர் குடி. தீபாவளிக்கு லீவு கிடைத்தால் வா, கல்யாணப் பேச்சை எடுக்க மாட்டோம். இன்னொன்று. இனி உன் கடிதங்களை நான் படித்துச் சொல்ல வேண்டாம் என்று உன் அம்மா சொல்லிவிட்டாள். அடுத்த வீட்டு சௌந்திரம் ஐந்தாவது படிக்கிறாள், அவளிடம் கொடுத்துக் கேட்டுக்கொள்வாளாம். அதனால் அம்மாவுக்குத் தனியாக எழுது, கவரின் மேல் சௌந்திரம் பெயரைப் போடு, மறந்துவிடாதே.

மாரியம்மன் உன்னைக் காக்கட்டும். ஆசீர்வாதத்துடன்,
உன் அப்பா,
குழந்தைவேல்