பதினாறு டிபி ஹார்டு டிஸ்க்

ரங்கத், அந்தமான்

கயல் அப்பாவுக்கு,

நான் நலம். அத்தைக்கு முட்டிவலி குறைந்ததா? கயலுக்குச் சளி விட்டதா? போனில் பேசினால் கத்திவிடுவேன், அத்தை காதில் விழும். அதனால்தான் எழுதுகிறேன்.

நீங்கள் ஆன்லைனில் வாங்கி, கயலின் வீடியோ எல்லாம் ஏற்றிக் கப்பலில் கொடுத்தனுப்பிய ஹார்டு டிஸ்க் வந்தது. கயல் நடந்தது, கயல் பல், கயல் பள்ளிக்கூடம் என்று பெயர்கள் வரிசையாக வருகின்றன. தொட்டால் திறப்பதில்லை. ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் பார்க்கும் முத்துராஜ் மூடியைக் கழற்றினார். "நக்லி மால், சிஸ்டர். போலி. உள்ள சின்ன மெமரி கார்டுதான் இருக்கு. கனம் தெரியணும்னு இரும்புத் துண்டை ஒட்டிருக்கானுங்க" என்றார்.

நல்ல கம்பெனியில் ஒரு டிபி போதும் என்று படித்துப் படித்துச் சொன்னேன். பதினாறு டிபி, பாதி விலை என்றதும் வாயைப் பிளந்துவிட்டீர்கள். ரேட்டிங் நட்சத்திரத்தை எண்ணத் தெரிந்தவருக்கு, அதன் கீழே ஏமாந்தவர்கள் புலம்பியிருப்பதைப் படிக்கத் தெரியவில்லையா? விற்றவன் நாசமாய்ப் போகட்டும். போனில் இருப்பதை அழித்துத் தொலைக்காதீர்கள்! கடைக்குப் போய் வேறு வாங்கி, ஏற்றி, அங்கேயே திறந்து பார்த்துவிட்டு அனுப்புங்கள். கூடவே கயல் பாதத்தைத் தாளில் வைத்து வரைந்து அனுப்புங்கள். செருப்பு வாங்க வேண்டும், அளவு தெரியவில்லை.

கடிதம் கொண்டுபோகிறவர் வாசலில் நிற்கிறார். ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். முதலில் ஏற்றிய வீடியோ ஒன்று மட்டும் ஓடுகிறது. டியூட்டி முடிந்து வந்ததும் அதைத்தான் போட்டுப் பார்க்கிறேன். "அம்மாவுக்கு எவ்ளோ பெரிய டிஸ்க் வாங்கிருக்கேன் பாரு" என்று அட்டைப்பெட்டியைத் தூக்கிக் காட்டுகிறீர்கள். கடைசி வரை அந்தப் பெட்டி கயலின் முகத்தை மறைத்துக்கொண்டு நிற்கிறது.

தமயந்தி